புகைபோக்கி பார்க்க ஆள் வந்த நாள்

அன்று வீட்டில் நான்கு பேர் இருந்தோம். அம்மா, அக்கா, அக்கா பெற்று ஒரு மாதமும் ஆகாத பெண்பிள்ளை, நான். அத்தான் இல்லை, அவருக்குப் பெற்றோல் ஸ்டேசனில் காலை ஷிப்ட். அப்பாவும் இல்லை. ஊரில் சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று இரண்டு பேரையும் லண்டனுக்குக் கூப்பிட்டோம், அம்மாவுக்கு மட்டும் விசா கொடுத்தார்கள்.

ஐந்தாவதாக ஒருவர் வரவேண்டியிருந்தது. வீட்டுக் கணப்பையும் புகைபோக்கியையும் சோதித்துப் பார்ப்பதற்காக நான் தொலைபேசியில் பேசி வரவழைத்த மனிதர். பத்து மணிக்கு என்று சொன்னவரைப் பத்தரை தாண்டியும் காணவில்லை.

நான் முன் யன்னலடியில் நின்று தெருவைப் பார்த்தேன். வால்தம்ஸ்டோவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே அச்சில் வார்த்தவை போல நிற்கும் தெரு அது. எதிர்ப்பக்கக் கூரைகளில் வரிசையாகப் புகைபோக்கிகள், ஒவ்வொன்றின் தலையிலும் நாலைந்து மண்குழாய்கள். அந்த வீட்டில் குடியிருந்த இவ்வளவு காலமும் நான் அவற்றை நிமிர்ந்து பார்த்ததேயில்லை. கடைசி ஒரு கிழமையாக வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

அம்மா படியிறங்கி வந்தார். "பிள்ளை நல்ல நித்திரை. தாயும் கண்ணயர்ந்திட்டாள். நீ இஞ்சை குறுக்கும் மறுக்கும் நடந்து பலகையைக் கிறீச்சிட வைக்காதை."

"இவ்வளவு நேரமாயும் நித்திரையோ?"

"பச்சைப் பிள்ளை நித்திரை கொள்ளாமல் உன்னைப் போலப் புத்தகமோ வாசிக்கும்?"

அந்த நித்திரைதான் என் பயம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பட்டால் குளிர் ஏறும், சன்னி பிடிக்கும். எங்கள் இருவருக்கும் முந்திய ஒரு பிள்ளை, மாரி மழையில் பிறந்து சில நாளிலேயே போய்விட்டது என்று அம்மாவின் தங்கை ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் லண்டனுக்கு வந்து இறங்கிய கையோடு, மாடியில் அக்காவின் அறை யன்னல் விளிம்பு முழுவதும் பார்சல் ஒட்டுகிற மண்ணிற டேப்பை இழுத்திழுத்து ஒட்டினார். கதவடி இடைவெளிக்குப் பழைய சேலையொன்றைச் சுருட்டி வைத்தார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்தது நெருப்பு. பிள்ளையைக் குளிக்க வார்த்தவுடன் சாம்பிராணிப் புகை காட்டவேண்டும். அதற்குத் தணல் வேண்டும். குசினியில் இருந்தது மின்சார அடுப்பு. அத்தான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனில், கோடையில் விற்று மிஞ்சிய பார்பிகியூ கரி மூட்டைகள் கிடந்தன. நாலு மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். கீழ் முன்னறையில் இரும்புத் தட்டோடு சுவருக்குள் கட்டிய ஒரு பழைய கணப்பு இருந்தது. அதுவரை அதற்குள் சப்பாத்துகளை அடுக்கி வைத்திருந்தோம்.

"அடுப்பு எண்டு வெள்ளைக்காரன் கட்டி வைச்சிருக்கிறான்," என்றார் அத்தான். "புகை போக மேலை ஓட்டையும் விட்டிருக்கிறான். நாங்கள் செருப்பு வைச்சதுதான் பிழை."

மேலே தணலைக் கொண்டுபோக மட்டும் அவர் விடவில்லை. மாடி முழுவதும் கார்ப்பெட், ஒரு பொறி விழுந்தால் வீடு போய்விடும். ஆகவே நெருப்பு கீழேயே இருந்தது. காலையும் மாலையும் பிள்ளையைக் கீழே கொண்டுவந்து குளிக்க வார்த்து, சாம்பிராணி காட்டி, மறுபடி மேலே கொண்டுபோய்க் கிடத்துவார்கள். இடையில் தணல் அணைந்துவிடாமல் அம்மா நாள் முழுவதும் கரி போட்டுக்கொண்டே இருப்பார். கரி ஒருமுறை பிடித்துவிட்டால் புகை என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. மணமும் இல்லை. முன்னறை இதமாக இருக்கும். நான் அங்கேயே உட்கார்ந்து படிப்பேன்.

இரண்டொரு நாளில் அக்கா ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தாள். அவளுடைய அறையிலும் ஒரு காலத்தில் கணப்பு இருந்திருக்கவேண்டும், யாரோ பலகை அடித்து மூடி அதன்மேல் பூப்போட்ட கடதாசி ஒட்டியிருந்தார்கள். கீழே நெருப்பு எரியும்போது அந்தச் சுவர் கதகதவென்று இருந்தது.

"அம்மா, இஞ்சை கை வைச்சுப் பாருங்கோ! சுடுது!"

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, கட்டிலுக்குக் கீழை தணல் வைச்ச மாதிரி." பிள்ளையின் தொட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள்.

பிள்ளை அழுவதில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். பாலுக்குக்கூட எழுப்பவேண்டியிருந்தது. அக்காவுக்கு ஓயாத தலையிடி, சாப்பிட்டதும் சத்தி. பிள்ளை பெற்ற உடம்பு, மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்கச் சரிவரும் என்றார் அம்மா. எனக்கும் மேலே போய்ப் பிள்ளையை வைத்திருந்துவிட்டு வந்தால் நெற்றிப்பொட்டில் யாரோ அழுத்துவது போல இருக்கும். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன்.

தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மிட்வைஃப் வந்தது ஒரு மழைநாளில். அயர்லாந்துக்காரி, வாய் ஓயாமல் கதைக்கிற, அன்பான பெண். முன்னறையில் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கணப்பைக் கண்டு, எவ்வளவு அழகான நெருப்பு என்றாள். பிறகு, கடைசியாக எப்போது புகைபோக்கியைத் துப்புரவாக்கினீர்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். நான் அதை அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"காலமைதான் சாம்பல் அள்ளினனான் எண்டு சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். அக்காவின் படிப்பு இடப்பெயர்வோடு நின்றது. அத்தான் பையனாக ஜெர்மனிக்குப் போய் அங்கே கோப்பை கழுவி, பிறகு லண்டன் வந்தவர். ஆகவே வீட்டுக்கு வருகிற கடிதம், டொக்டரின் கேள்வி, கவுன்சில்காரரின் தொலைபேசி எல்லாம் என் தலையில்தான். பதில் தெரியாதபோது சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தேன். அன்றும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அக்காவிடம் தலையிடி உண்டா என்று கேட்டாள். அக்கா ஓமென்று தலையாட்டினாள்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இந்த வீடுகள் மிகவும் பழையவை. புகைபோக்கி அடைத்திருந்தால் நஞ்சுவாயு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கூப்பிட்டுப் பார்க்காமல் இனி நெருப்பு வைக்கவேண்டாம். அடுத்த முறை வரும்போது கேட்பேன். சொல்லிவிட்டு மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வையோடு தொடங்கியது எனக்கு. நான் பொறியியல் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் போய் அந்த வாயுவைப் பற்றித் தேடி வாசித்தேன். தலையிடி. குமட்டல். அசதி. கடைசியில் நித்திரை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நேரே வீட்டுக்கு வெளிக்கிட்டேன். புகையிரதத்தில் வரும்போது முழுநேரமும் ஒரே யோசனை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது எல்லோரும் நித்திரையாக இருந்தால் என்ன செய்வேன்?

பின்னேரம் அத்தானிடம் சொன்னேன்.

"எங்கடை இஞ்சினியர் இன்னும் பாஸ் பண்ணேல்லை, அதுக்குள்ளை வீட்டைச் சோதிக்க வெளிக்கிட்டிட்டார்," என்று அத்தான் சிரித்தார். "சிம்னிக்குள்ளை கரி தட்ட ஒருத்தனுக்குக் காசோ?"

"அத்தான், பிள்ளை ஏன் அழுகுதில்லை எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களோ?"

சிரிப்பு நின்றது. "ஆளைக் கூப்பிடு," என்றார். "வந்து பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் மாமி, நெருப்பைக் குறையுங்கோ."

அம்மாவின் பயம் வேறு பக்கத்தால் வந்தது. கோயிலில் யாரோ சொன்ன கதை அவருடைய நெஞ்சில் முள்ளாகக் குத்தியிருந்தது. பிள்ளையைச் சரியாகப் பார்க்காத வீடுகளுக்கு அரசாங்கத்தின் சோசல்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவார்களாம். "அந்த மிட்வைஃப்காரி நெருப்பைக் கண்டவள். இப்ப நீ இன்னொருத்தனையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போறாய். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் குடுத்தாங்களெண்டால்? பிள்ளையும் போயிடும், நானும் ப்ளேன் ஏறவேண்டியதுதான்."

"அப்பிடி ஒண்டும் நடக்காதம்மா. அவன் சிம்னி பாக்கிறவன்."

"உனக்கு எல்லாம் தெரியும்."

ஒருநாள் நெருப்பு வைக்காமல் விட்டார். மறுநாள் பிள்ளை இரண்டு தரம் தும்மியது. திரும்பவும் கரி எரிந்தது.

சோதனை நாளன்று நான் எழும்பி வந்தபோது முன்னறையை அடையாளம் தெரியவில்லை. கணப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரும்புத் தட்டைத் தேய்த்து, சாம்பல் ஒரு துளியில்லாமல் துடைத்திருந்தார் அம்மா. தட்டின்மேல் பிளாஸ்ரிக் பூச்சாடி ஒன்று. கரி மூட்டைகளைக் காணவில்லை. சாம்பிராணிக்குத் தணல் எடுக்கிற மண்சட்டியையும் காணவில்லை. அம்மா நல்ல சேலை உடுத்தி, ஆசுப்பத்திரிக்குப் போகிறவர் மாதிரிக் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். நெருப்பை அணைத்துவிட்டார் என்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. சட்டி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு அந்த மனிதரின் வான் வண்டி வந்து நின்றது. ஆளுக்குப் பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. பிந்தியதற்கு வீதி நெரிசலைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார். தரையில் துணி விரித்து முழங்காலில் உட்கார்ந்து, பூச்சாடியை எடுத்து வைத்துவிட்டு, கணப்புக்குள் தலையை விட்டு டோர்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

இது எத்தனையோ வருடமாகப் பாவிக்காத கணப்பு, என்றார். சுத்தமாக இருக்கிறது. பாவிக்காவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. பாவிக்க விரும்பினால் முழுச் சோதனை செய்யலாம், அதற்கு நேரம் எடுக்கும், தனக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. சும்மா அலங்காரத்துக்குத்தானே வைத்திருக்கிறீர்கள்?

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த மனிதரின் முகத்தை வாசித்துவிட்டார். பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தார். "சரியாமோ? அப்ப அனுப்பு. ஒண்டும் கதையாதை."

நான் ஓமென்று சொல்லிக் காசைக் கொடுத்திருந்தால் அந்த வேலை அந்த நிமிடத்தோடு முடிந்திருக்கும். வாய் அந்தப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் மேலே ஒரு சத்தமும் இல்லை. அவர் வந்து கதவில் தட்டியும், இரும்புச் சாமான்களைக் கீழே போட்டும் பிள்ளை சிணுங்கவில்லை. அந்த அமைதி என் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"இல்லை," என்றேன் ஆங்கிலத்தில். "நாங்கள் ஒவ்வொரு நாளும் இதில் கரி எரிக்கிறோம். காலையிலிருந்து இரவுவரை. உங்களுக்காக இன்று கழுவி வைத்திருக்கிறோம்."

அவர் பையைத் தூக்கப் போனவர், அப்படியே நின்றார்.

"பார்பிகியூ கரியா? வீட்டுக்குள்ளா?"

"என்னவாம்?" என்றார் அம்மா. "நீ என்ன சொன்னனீ? தம்பி, அவனுக்கு என்ன சொன்னனீ?"

அந்த மனிதர் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. வானுக்குப் போய் நீண்ட வயரின் நுனியில் கமராவும் சின்னத் திரையுமாக ஒன்றைக் கொண்டுவந்தார். வயரைப் புகைபோக்கிக்குள் தள்ளத் தள்ளத் திரையில் கரிய செங்கற்கள் கீழே இறங்கின. நானும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கொஞ்ச உயரத்தில் சுவரின் ஒரு பக்கத்தில் செங்கற்கள் விழுந்து ஒரு பொந்து தெரிந்தது. அதற்கும் மேலே சுள்ளிகளும் இறகுகளும் பழைய சீமெந்துமாக ஒரு அடைப்பு. கமரா அதில் முட்டிக்கொண்டு நின்றது.

மேலே போக வழியே இல்லை, என்றார். பிறகு அந்தப் பொந்தை விரலால் தொட்டுக் காட்டினார். மாடி அறையொன்றின் புகைவழியும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, இடையில் இருந்த தடுப்பு விழுந்துவிட்டது. இங்கே எரிந்ததெல்லாம் இதற்குள்ளால்தான் போயிருக்கிறது. இதற்கு நேர் மேலே இருப்பது எந்த அறை?

எனக்குச் சுவரின் கதகதப்பு ஞாபகம் வந்தது. அந்த அறையில் அக்காவும் பிறந்த பிள்ளையும் படுத்திருக்கிறார்கள் என்றேன்.

அவர் மாடிப்படியை நோக்கி நடந்தார். அம்மா முந்திக்கொண்டு ஓடி முதற்படியில் ஏறி, இரண்டு கையாலும் கைபிடிகளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கை போறான் இவன்? பிள்ளை பெத்த அறைக்குள்ளை புறத்தி ஆம்பிளை போறதோ? தீட்டுத் துடக்கும் கழியேல்லை!"

"அம்மா, விடுங்கோ. புகை முழுக்க மேலை போயிருக்காம்."

"எங்கை புகை? காலமையிலிருந்து நெருப்பே இல்லையே. நீ பாத்தனீதானே, கழுவி வைச்சிருக்கிறன்."

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அம்மா, தணலை எங்கை கொட்டினனீங்கள்?"

"கொட்டேல்லை."

"சட்டி எங்கை?"

அம்மாவின் கண் மட்டும் மேலே போய் வந்தது.

"அம்மா!"

"மேலை. கட்டிலுக்குக் கீழை." குரல் சின்னதாகிவிட்டது. "அந்த அறைக்குள்ளை எண்டால் அவன் வரமாட்டான்தானே. பின்னேரக் குளிப்புக்குத் தணல் வேணுமெல்லோ. நல்ல கரி நிறையப் போட்டு வைச்சனான், அணையாது."

நான் அம்மாவை இடித்துக்கொண்டு ஏறினேன். அவர் சுவரில் மோதியதும் தெரியும், நான் நிற்கவில்லை. கதவு உள்ளே தள்ளுப்படவில்லை, சேலைச் சுருள் தடுத்தது. தோளால் இடித்தேன். அறை வெதுவெதுவென்று, ஈரமில்லாத ஒரு வெக்கையோடு இருந்தது. கட்டிலுக்குக் கீழே சட்டி செக்கச் சிவந்திருந்தது. புகையில்லை. அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் திறந்திருந்தது. "அக்கா" என்று கத்தினேன். இமை அசைந்தது, கண் திறக்கவில்லை.

பிள்ளையின் கன்னம் ரோசா நிறத்தில் இருந்தது. அவ்வளவு வடிவாக அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. நஞ்சேறினால் வருகிற அந்த நிறத்தைப் பற்றியும் வாசித்திருந்தேன். தூக்கினேன். கை ஒன்று என் விரலுக்கு மேலால் தொங்கியது.

அந்த மனிதர் எனக்குப் பின்னால் வந்து யன்னலை மேலே தள்ளினார். டேப் விடவில்லை. நகத்தால் கீறினார், பிறகு ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி முழங்கையால் கண்ணாடியை உடைத்தார். வெளியே போ, வெளியே போ என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். எத்தனை படி தவறியது என்று தெரியாது. தெருக்கதவைத் திறந்ததும் நவம்பர்க் காற்று முகத்தில் அடித்தது.

"காத்து! காத்துப் படுது! தலையை மூடடா!" அம்மா பின்னால் சேலைத் தலைப்பை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

நான் மூடவில்லை. சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கீழே போட்டேன். வீதியோரத்தில் நின்று பிள்ளையைக் காற்றுக்கு நேரே பிடித்தேன், முகத்தையும் நெஞ்சையும். அம்மாவின் கை பிள்ளையின் தலைவரை வந்து அந்தரத்தில் நின்றது. அவருக்கு என்ன விளங்கியதோ, நீட்டிய சேலையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து பிள்ளையின் முகத்தில் தானே ஊதினார். ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

பிள்ளை முதலில் மூக்கைச் சுருக்கியது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தது. அந்தத் தெரு முழுவதும் கேட்கிற மாதிரி அது வீரிட்டபோது, அம்மா நடைபாதையிலேயே குந்திவிட்டார்.

அக்காவை அந்த மனிதர் அக்குளுக்குள்ளால் பிடித்து, இழுத்ததும் தூக்கியதுமாகக் கொண்டுவந்து வாசற்படியில் சாய்த்தார். அவள் சத்தியெடுத்தாள். "பிள்ளை எங்கை" என்று ஒருமுறை கேட்டாள். மறுமொழியாகப் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் வந்தது.

ஆசுப்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். பிள்ளையின் தலை முழுவதையும் மூடி கண்ணாடிப் பெட்டி போல ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு டொக்டர், இளம் பெண், என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள். நெருப்பு யார் வைத்தது, யார் மேலே கொண்டுபோனது, எவ்வளவு நேரம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கேள்வியின் தொனி அவருக்குப் போதுமாக இருந்தது.

"நான்தான் எண்டு சொல்லு. அவளுக்கு ஒண்டும் தெரியாது, அவள் நித்திரை எண்டு சொல்லு. என்னைப் பிடிச்சுக்கொண்டு போகட்டும், பிள்ளையைத் தாயிட்டை விடச் சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினாள். யாரையும் பிடித்துக்கொண்டு போக வரவில்லை, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் மருந்து செய்யமுடியும் என்றாள். அதை நான் தமிழில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அன்று முழுவதும் வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி நின்றார்.

அத்தான் வேலை உடுப்போடு ஓடிவந்தார். தலையில் பெட்டியோடு கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அம்மாவை ஏசுவார் என்று நான் பயந்திருந்தேன். போய்த் தேத்தண்ணி வாங்கிவந்து அம்மாவின் கையில் வைத்து, "குடியுங்கோ மாமி" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார்.

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மூளையைப் பற்றி உடனே சொல்ல ஏலாதாம். வளர வளரப் பார்க்கவேண்டும், சத்தத்துக்குத் திரும்புகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்று. ஆகவே பயம் முடியவில்லை, இடம் மாறியது. அக்கா ஆசுப்பத்திரியிலிருந்து நேரே ஹரோவில் அத்தானின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தச் சிம்னியை முழுக்கச் சோதித்துச் சரி பண்ணும்வரைக்கும் பிள்ளையோடு அந்த வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது எல்லோருக்கும் முன்னால், ஒருவர் முகத்தையும் பாராமல்.

அந்த மனிதர் மறுபடி வந்தபோது அத்தானும் நானும் வீட்டில் இருந்தோம். பிள்ளை எப்படி என்றுதான் முதலில் கேட்டார். அவருடைய முழங்கையில் கட்டு. கணப்பில் ஒரு சின்ன வில்லையைக் கொளுத்தினார், அதிலிருந்து வெள்ளைப் புகை பொங்கியது. எங்களை மேலே போய் நின்று பார்க்கச் சொன்னார்.

அக்காவின் அறையில் நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். அதற்குள் பூப்போட்ட கடதாசியின் அடி விளிம்பில், தொட்டிலின் கால்கள் கார்ப்பெட்டில் பதிந்திருந்த பள்ளங்களுக்கு நேரே, நூல் போல ஒன்று எழும்பியது. பிறகு இன்னொன்று. சுவர் முழுவதும் மெல்ல மூச்சுவிடுவது போலப் புகை வந்தது. பிள்ளையின் தலைமாட்டுக்கு நேரே வந்தது.

"ஒவ்வொரு நாளும்..." என்றார் அத்தான். போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். யன்னல்களை நான்தான் திறந்தேன்.

மூன்று நாள் வேலை நடந்தது. கூரைக்கு ஏறிப் பழைய கூட்டையும் உடைசல்களையும் இழுத்து எடுத்தார்கள், பெரிய பைகளில் அடைத்தும் முடியவில்லை. இரண்டு கணப்புகளையும் செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே ஈரம் பிடிக்காமல் இருக்கச் சின்னக் காற்றுவழி விட்டார்கள். மேலே மண்குழாய்களுக்கு மூடி போட்டார்கள். மேலும் கீழும் நஞ்சுவாயு எச்சரிக்கை மணி பூட்டினார்கள். உடைத்த யன்னலுக்குப் புதுக் கண்ணாடி. அதைத் தான் உடைத்ததென்று சொல்லி அந்த மனிதர் கண்ணாடிக்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வேலை முடிந்த பின்னேரம் அத்தானின் தங்கை அக்காவையும் பிள்ளையையும் காரில் கொண்டுவந்து இறக்கினாள். அக்கா உடனே உள்ளே வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, கூரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அம்மா கதவோரத்தில் ஒதுங்கி நின்றார், பிள்ளைக்குக் கை நீட்ட அவருக்குத் துணிவில்லை. அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டு, முன்னால் போய்ப் பிள்ளையை அம்மாவின் கைகளில் வைத்தாள். கார்க்கதவு படீரென்று சாத்திய சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிட்டு, அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

"எல்லாம் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள் அக்கா.

"முடிஞ்சுது," என்றார் அத்தான். "இனி அதுக்குள்ளாலை ஒண்டும் வராது."

"எவ்வளவு காசு போச்சு?"

"எழுநூற்றி முப்பது பவுண்."